நெஸ் தம்பதியின் 47 நக்கிள்ஹெட், இன்னும் 47தானா?

இரும்புக்குதிரை: மில்வாக்கி மணி நேத்து எழுதினதைப் படிச்சு ராத்திரி தூக்கம் போச்சு. பைக்கைத் தன் இஷ்டத்துக்கு மாத்திக் கட்டறதுல பேர்போன ஆர்லென் நெஸ்ஸும் மனைவி பெவர்லியும் கலிபோர்னியா டப்ளின்ல காட்சிக்கு வெச்சிருந்த வண்டிகளை 'பழைய ஹார்லிகளோட சுடுகாடு'ன்னு எழுதியிருக்கார். பௌலிங் ஆடிச் சேர்த்த காசுல அறுபதுகள்ல ஆர்லென் வாங்கின முதல் வண்டி, நக்கிள்ஹெட்ங்கற இன்ஜின் வெச்ச அந்த 1947 ஹார்லி. புதுசு வாங்க வசதியில்லாம அதையே திரும்பத் திரும்பப் பிரிச்சுக் கட்டினார். இதுவா சுடுகாடு?

மில்வாக்கி மணி: ஆமா, சுடுகாடுதான். நக்கிள்ஹெட் வந்தது 1936. கடைசி வருஷம் 1947. அடுத்த வருஷமே பேன்ஹெட்ங்கற புது இன்ஜின் வந்தாச்சு. கடைசி வருஷ வண்டியை ஆள் அடையாளம் தெரியாம மாத்திட்டு, அதை 47னு சொல்லாதீங்க.

சாரதா_எஸ்: முன் ஃபோர்க்கை நீட்டின சாப்பர் எது, எடை குறைக்க வெட்டின பாபர் எது, இஷ்டப்படி கட்டின கஸ்டம் எதுன்னு முதல்ல பேசிக்கலாமே? ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச காலத்துல எடை குறையட்டும்னு மட்கார்டை வெட்டினதும் ஆர்லென் பண்ணினதும் ஒண்ணு இல்லையே.

மில்வாக்கி மணி: பேரு எதுவா இருந்தா என்ன? அது 47 இல்லை.

இரும்புக்குதிரை: 1970க்கு முந்தின ஹார்லியில ஃபிரேம்ல பதிவு நம்பரே கிடையாது மணி. இன்ஜின் கேஸ்ல அடிச்சதுதான் நம்பர். இன்ஜின் 47ன்னா வண்டி 47. இதுகூடத் தெரியாம ஹார்லி பிறந்த ஊரை வெச்சு 'மில்வாக்கி'ன்னு பேர் வெச்சிருக்கீங்க.

மில்வாக்கி மணி: பேரை இழுக்காதீங்க. உங்க அப்பாவோட புல்லட் டேங்கைக் கழட்டி எடைக்குப் போட்டவர்தானே நீங்க? போன வருஷம் நீங்களே போட்டோ போட்டீங்க.

இரும்புக்குதிரை: டேங்க் துருப்பிடிச்சு ஓட்டையாகி பெட்ரோல் ஒழுகிச்சு. அப்பாவே கழட்டச் சொன்னார். அவரை இதுக்குள்ள இழுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

திண்டுக்கல் ரவி: ரெண்டு பேரும் விடுங்கப்பா. ரெண்டு ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் இன்ஜினை ஒரே வண்டியில பூட்டி 'டூ பேட்'னு ஆர்லென் ஓட்டினாரே, அதைப் பேசுங்க. 57 ஷெவர்லே கார் சாயல்ல 'நெஸ்டால்ஜியா' கட்டினாரே, அந்த மாதிரி இன்னொருத்தர் கட்டட்டும் பார்ப்போம்.

மில்வாக்கி மணி: காரைப் பார்த்து பைக் கட்டினா அது கார் ஆசை. நான் கேட்டது 47.

சாரதா_எஸ்: அறுபதுகள்ல அது வெறும் பழைய வண்டி தம்பி. யாரும் பொத்திப் பாதுகாக்கலை. அவர் வாங்காம இருந்தா பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம்.

மில்வாக்கி மணி: போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். இன்ஜின் மேல் மூடியான ராக்கர் கவர் மடக்கின விரல் முட்டி மாதிரி இருக்கறதாலதான் அந்தப் பேரே வந்தது. அந்த இன்ஜினுக்குன்னு அமைஞ்ச, முன்சக்கரத்தை ஸ்பிரிங்கோட தாங்கற ஸ்பிரிங்கர் ஃபோர்க், தகர டேங்க், இருக்கை எல்லாம் சேர்ந்தாதான் அது 47. மில்வாக்கித் தொழிலாளி செஞ்சு அனுப்பின உருவத்தை எனக்குக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.

இரும்புக்குதிரை: இன்ஜின் நம்பர்.

மில்வாக்கி மணி: உருவம்.

திண்டுக்கல் ரவி: 2019ல ஆர்லென் போயிட்டார். மகன் கோரியும் பேரன் ஜாக்கும் அதே தொழில்லதான் இறங்கினாங்க. சுடுகாடுன்னு எழுதினதையாவது எடுங்க மணி.

மில்வாக்கி மணி: எடுக்க மாட்டேன். புல்லட் டேங்கை எங்க போட்டார்னு அவர் முதல்ல சொல்லட்டும்.

இரும்புக்குதிரை: இன்ஜின் கேஸ்ல என்ன நம்பர் இருக்கும்னு நீங்க முதல்ல சொல்லுங்க.