கடலோர வெந்நீர் ஊற்று ரிசார்ட்டில் இரண்டு இரவு: எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம்?

மூட்டைமுடிச்சு:
வணக்கம். கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு தாதுநீர் ஊற்று ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். நாங்கள் இருவர், ஏழு வயதுப் பையன், 68 வயது அம்மா. அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், முழங்கால் வலியும் உண்டு. ரிசார்ட்காரர்கள் "கனிமச்சத்து நிறைந்த இயற்கை வெந்நீர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். முன்பதிவுக்கு முன் என்ன கேட்க வேண்டும்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஊறலாம்? கடலில் குளித்துவிட்டு நேராக ஊற்றுக்குப் போகலாமா?

ஊற்றுக்கண்:
"கனிமச்சத்து நிறைந்த" என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜப்பானில் 1948-ல் வந்த வெந்நீர் ஊற்றுச் சட்டம், ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும், அல்லது பட்டியலிட்ட 19 பொருட்களில் ஒன்றாவது குறித்த அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது. இப்படி ஒரு வரையறை எல்லா நாட்டிலும் இல்லை. அதனால் நீங்களே மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது, தொட்டியில் வெப்பம் எவ்வளவு? ஊற்றுக்கண்ணின் வெப்பத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். அது 60 இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது நீங்கள் உட்காரும் இடத்தின் கணக்கு. இரண்டாவது, தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வழிந்து போகிறதா, இல்லை வடிகட்டித் திரும்பச் சுற்றுகிறதா? வழிந்தோடினால் ஊற்றுநீர் அப்படியே கிடைக்கும். சுற்றவிட்டால் குளோரின் கட்டாயம் வேண்டும். 25 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். குமிழி அடிக்கும் தொட்டிகளில் அது நீர்த்துளியோடு நுரையீரலுக்குள் போய்விடும். குளோரின் வாசனை வந்தால் முகம் சுளிக்காதீர்கள், வடிகட்டி கடைசியாக என்று சுத்தம் செய்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, நீர்ப் பகுப்பாய்வு அறிக்கை. நல்ல இடங்களில் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கடலோரம் என்றால் பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது உப்புநீர். குளித்தபின் தோலில் மெல்லிய உப்புப் படலம் தங்கி வியர்வை ஆவியாவதைத் தடுப்பதால் உடம்புச் சூடு நெடுநேரம் நிற்கும். உறுத்தல் இல்லாதவர்கள் நல்ல நீர் ஊற்றாமல் ஒற்றித் துடைத்தாலே போதும். பைகார்பனேட் நீர் சோப்பு தேய்த்தாற்போல வழவழக்கும். படிக்கட்டும் அப்படியேதான் வழுக்கும். இரும்பு கலந்த நீர் ஊற்றில் தெளிவாக இருந்து, காற்றுப் பட்டதும் செம்பழுப்பாகும். அதில் நனைந்த வெள்ளைத் துண்டின் கறை போகவே போகாது. கந்தகநீரிலும் அமிலநீரிலும் குளித்தால் கடைசியில் நல்ல நீரில் அலசியே ஆக வேண்டும்.

மருந்துச்சீட்டு:
முக்கியமாக அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் தவறு நடக்கும்.

வெந்நீரில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை தண்ணீர் கால்களை அழுத்திப் பிடித்திருப்பதால் ஒன்றும் தெரியாது. எழுந்ததும் அந்தப் பிடி விட்டுப்போய் ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும். விழுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான், அதுவும் ஈரக் கல்தரையில். ஆகவே வெளியே வரும்போது முதலில் இடுப்பளவு நீர் உள்ள படியில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை அசைக்க வேண்டும். பிறகு கைப்பிடியைப் பற்றி எழ வேண்டும். கைப்பிடி இல்லாத தொட்டியில் அம்மாவை இறக்காதீர்கள்.

வெப்பம் 38, 39 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒரு சுற்று எட்டு முதல் பத்து நிமிடம், நீர் நெஞ்சுக்குக் கீழே. வெளியே வந்து இருபது நிமிடம் ஓய்வு, ஒரு டம்ளர் தண்ணீர். நாளைக்கு இரண்டு சுற்று தாராளம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மது அறவே கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கிளம்புமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் காலால் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பாருங்கள்.

முழங்காலுக்கு இடுப்பளவு நீரே மருந்து. அங்கே நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் மூட்டில் இறங்கும். விளிம்பைப் பிடித்தபடி மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

பையன் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். 37 டிகிரி, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். முங்க விடாதீர்கள். குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா என்ற அமீபா இருக்கக்கூடும். மூக்கில் நீர் ஏறினால்தான் அது மூளைக்குப் போகும். தலை நனையாமல் பார்த்துக்கொண்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கர்ப்பிணிகள் யாராவது சேர்ந்து வந்தால் கால் நனைப்பதோடு நிறுத்தட்டும்.

உப்புக்காற்று:
கடல் காலையில, ஊற்று சாயங்காலம். இந்த வரிசையை மாத்தாதீங்க. ஊறி எழுந்த உடம்பு தளர்ந்திருக்கும், அதோட அலைக்குள்ள போறது ஆபத்து. கடல்ல நடுங்குற அளவுக்குக் குளிர்ந்துட்டா நேரா 40 டிகிரித் தண்ணியில குதிக்கக் கூடாது. துடைச்சு, காஞ்ச துணி போட்டு, நடுக்கம் நின்ன பிறகு வெதுவெதுப்பான தொட்டியில ஆரம்பிக்கணும். ஸ்கூபா டைவிங் அடிச்ச நாள்ல வெந்நீர்த் தொட்டியே வேண்டாம்: சூட்டுல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் குமிழியா வெளியேறலாம்.

வெயில்ல தோல் சிவந்திருந்தா அன்னிக்கு ஊற்றை விட்டுடுங்க, உப்புநீர் எரிச்சல் தாங்காது. அன்னிக்கே சவரம் பண்ணின தோலுக்கும் இதே கதிதான்.

கடற்கரை மணலுக்குள்ளயே ஊற்று வர்ற இடமும் உண்டு. நியூசிலாந்தோட ஹாட் வாட்டர் பீச்ல வத்தத்துக்கு (கடல்நீர் நல்லா வடிஞ்சிருக்கிற நேரத்துக்கு) முன்னும் பின்னும் ரெண்டு மணி நேரம் மட்டும் குழி தோண்டி உட்கார முடியும். சில இடத்துல நீர் 64 டிகிரி வரைக்கும் சுடும். உங்க ரிசார்ட் பக்கத்துலயும் அப்படி இருந்தா ஓத அட்டவணை பாத்துட்டுப் போங்க, மண்ணுல கை வச்சுப் பார்த்துட்டுக் கால் வைங்க.

குளியல் உடைக்குப் பழசு, அடர்நிறம். சூடும் குளோரினும் சேர்ந்து எலாஸ்டிக்கைத் தளர்த்திடும். ராத்திரி கடல்காத்து ஈர உடம்புல படாம ஒரு தடிமனான அங்கி வேணும்.

மூட்டைமுடிச்சு:
மிக்க நன்றி. ரிசார்ட்டில் விசாரித்தேன். ஊற்றில் 52, தொட்டியில் 41 டிகிரி, வழிந்தோடும் நீர். உப்புநீர், கூடவே லேசாக அழுகிய முட்டை வாடை இருக்குமாம். திறந்தவெளித் தொட்டியும் உண்டு, தனி அறையில் 200 லிட்டர்த் தொட்டியும் உண்டு. அம்மாவுக்குத் தனி அறைதான் வசதி என்று தோன்றுகிறது.

ஊற்றுக்கண்:
அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு, கந்தகம் கலந்த நச்சு வாயு. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், திறந்தவெளியில் லேசாக இருந்தால் பயமில்லை. ஆனால் அது காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். தனி அறை எடுத்தால் தரைமட்டத்தில் காற்றுப்போக்கி இருக்கிறதா பாருங்கள், ஜன்னலைத் திறந்தே வையுங்கள். வாடை நின்றுவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். தலைவலியோ கண் எரிச்சலோ வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டில் ஒன்று என்றால், கைப்பிடி இருக்கும்பட்சத்தில் நான் திறந்தவெளித் தொட்டியைத்தான் சொல்வேன், குளிர்ந்த ஓரமாகப் பார்த்து.

வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. தேய்த்தால் வரும், ஆனால் சங்கிலிக் கண்ணிகளுக்குள் கறுப்பு நின்றுவிடும். கந்தகம் கலந்திருப்பதால் அம்மாவும் பையனும் கடைசியில் நல்ல நீரில் அலசிக்கொள்ளட்டும்.

41 டிகிரி அம்மாவுக்கு அதிகம். தனித் தொட்டியில் 25 லிட்டரை எடுத்துவிட்டு, 25 டிகிரியில் உள்ள குழாய்நீரை அதே அளவு ஊற்றினால் 39 வரும். பையனுக்கு 37 வேண்டுமென்றால் 50 லிட்டர் மாற்ற வேண்டும். அந்த நேரம் ஊற்றுக்குழாயை மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தண்ணீர் மறுபடியும் பழைய சூட்டுக்கே போய்விடும். குழந்தை குளிக்கும் நீரில் மிதக்கவிடும் வெப்பமானி ஒன்று கையோடு எடுத்துப் போங்கள். மேல்நீர் சுடும், அடிநீர் ஆறியிருக்கும்; நன்றாகக் கலக்கிவிட்டு, முழங்கை ஆழத்தில் பிடித்து அளந்த பிறகு அம்மாவை இறங்கச் சொல்லுங்கள்.