மெரினோ நூலில் பாதிக்குத்தான் சாயம் ஏறியது, அவசரம்

நூல்கண்டு: வணக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் பத்ரிநாத் போகிறார்கள், அம்மாவுக்கு ஸ்வெட்டர் பின்னணும். நேற்று 4 சிட்டம் மெரினோ ஆட்டுக் கம்பளி நூலை ஒரே பாத்திரத்தில் போட்டு அரக்குச் சிவப்பு ஏற்றினேன். இரண்டு அருமையாக வந்துவிட்டது, மற்ற இரண்டும் ரோஸ் மில்க் கலரில் நிற்கிறது. அதே சாயம், அதே அடுப்பு. பாக்கெட்டில் கலப்படமா? இன்னொன்று வாங்கிப் போட்டால் சரியாகுமா?

சிறுவாணிக்காரன்: போர் தண்ணீரா? உப்புத் தண்ணீரில் பருப்பே வேகாது, சாயம் எங்கே ஏறும்.

ஊசிமுனை: என்ன சாயம், எத்தனை கிராம், வினிகர் விட்டீர்களா, கொதித்ததா, லேபிளில் என்ன இருந்தது? ஒன்றும் சொல்லாமல் கலப்படமா என்றால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

பட்டறைவாசி: திருப்பூரில் 18 வருஷம் சாயத்தில் நின்றவன் சொல்கிறேன். உப்பும் சோடா ஆஷும் பத்தவில்லை. 60 டிகிரியில் வைத்து சோடா ஆஷைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், கல்லு மாதிரி நிற்கும்.

பழையகை: அண்ணே, அது பனியனுக்குப் போடும் கணக்கு. பருத்தி செடி, கம்பளி முடி. சோடா ஆஷில் வேகவைத்தால் முடி நைந்துபோகும். கம்பளிக்கு ஆசிட் சாயம், புளிப்புக்கு வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு. இதையே மாதம் ஒரு தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன், பழைய இழையைத் தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

நூல்கண்டு: ஆசிட் சாயம்தான். வினிகர் ஒரு டம்ளர் இருக்கும். ஒரு மணி நேரம் நன்றாகக் கொதித்தது, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தேன். சொல்ல மறந்துவிட்டேன், வெளிறிய இரண்டும் கொஞ்சம் சிக்குப் பிடித்துத் தடித்துவிட்டன.

ஊசிமுனை: அதைத்தானே முதலில் சொல்லணும்! நாலும் ஒரே கடையா?

குளிர்காலம்: வெளிறியது அக்ரிலிக்காக, அதாவது செயற்கை நூலாக இருக்கும். நம் கடைகளில் வுல் என்று விற்பதில் பாதி அதுதான். ஒரு துண்டைக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக்.

ஊசிமுனை: அக்ரிலிக் எங்கேயாவது இப்படிச் சிக்குப் பிடிக்குமா? தடித்ததுதான் அசல் கம்பளி.

நூல்கண்டு: இரண்டு ஆன்லைனில் வாங்கினேன், இரண்டு மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது. எல்லாம் மெரினோதானே?

மெல்பர்ன்அக்கா: தம்பி, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு ஜோடி சூப்பர்வாஷ், அதாவது மெஷினில் துவைக்கத் தோதாகப் பதம் செய்தது, மற்றது சாதா மெரினோவாக இருக்கும். கம்பளி இழைமேல் மீன் செதில் மாதிரி அடுக்கு உண்டு, சூட்டிலும் சோப்பிலும் போட்டு அலசினால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நூல் தடித்துவிடும். சூப்பர்வாஷ் நூலில் குளோரின் கொடுத்து அந்தச் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சும் கொடுத்திருப்பார்கள். அது சாயத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் பந்தியில் முந்தியவனுக்குத்தான் சோறு. உங்கள் சாய பாக்கெட்மேல் குற்றமில்லை.

குளிர்காலம்: பிளாஸ்டிக் பூசிய நூலுக்கு மெரினோ என்று பெயர் வேறு. வெளிநாட்டுச் சரக்கை நம்பினால் இப்படித்தான், நம் ஊரிலேயே மெரினோ இருக்கிறது.

பழையகை: நம் ஊரிலா? எந்த ஊரில்?

குளிர்காலம்: கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர். மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையில் பாரத் மெரினோ மேய்கிறது, போய்ப் பாருங்கள். ஊட்டி பக்கம் நீலகிரி ஆடு இருக்கிறதே, அதிலும் டாஸ்மேனியன் மெரினோ கலப்பு உண்டு.

பழையகை: ஆடு இருக்கிறது சரி. சாயம் போட 400 கிராம் பின்னல் நூல் எந்தக் கடையில் கிடைக்கும், அதைச் சொல்லுங்கள்.

சிறுவாணிக்காரன்: மன்னவனூரில் முயலும் வளர்க்கிறார்கள். தண்ணீர் அங்கே தேன்.

ஊசிமுனை: ஆட்டையும் முயலையும் அப்புறம் மேய்க்கலாம். நூல்கண்டு, சிக்கான சிட்டத்தில் இரண்டு இழையைப் பிடித்து இழுங்கள். பிரிந்து வந்தால் பிழைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, 100 கிராம் நூலுக்கு 2 கிராம் சாயம் என்று போட்டு, மெதுவாக 85, 90 டிகிரிக்கு ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள். கொதிக்க வேண்டாம், கிண்டவும் வேண்டாம், இது உப்புமா இல்லை. தண்ணீர் தெளிந்ததும் அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்துக் குழாயடியில் காட்டினீர்களோ, மிச்சமும் போச்சு.

மெல்பர்ன்அக்கா: கலர் ஒன்றாக வந்தாலும் நாலையும் ஒரே ஸ்வெட்டரில் சேர்க்காதீர்கள். துவைத்தால் சாதா நூல் சுருங்கும், சூப்பர்வாஷ் நனைந்தால் தொங்கும். முதுகு ஒரு அளவு, கை ஒரு அளவு ஆகிவிடும். எதுவானாலும் கொடியில் போடாமல் துண்டின்மேல் பரப்பிக் காயவையுங்கள்.

நூல்கண்டு: குப்பைக்கூடையில் லேபிள் கிடைத்தது. மாமா கொடுத்ததில் மெஷின் வாஷ் என்றிருக்கிறது, மற்றதில் தண்ணீர்த் தொட்டிக்குள் கை வைத்த படம். அக்கா சொன்னதுதான். அம்மாவுக்குக் கையில்லாத ஸ்வெட்டர், அப்பாவுக்குக் குல்லா என்று முடிவாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. குக்கரில் ஒட்டிய சிவப்பு எப்படிப் போகும்?

ஊசிமுனை: சமையல் குக்கரிலா சாயம் காய்ச்சினீர்கள்? அதில் இனிமேல் சமைக்காதீர்கள்.

ஊசிமுனை: நூல்கண்டு, இருக்கிறீர்களா?

பட்டறைவாசி: குக்கருக்கு சோடா ஆஷ் கேட்கும்.