விளக்கெண்ணெயும் இரும்புச்சத்து மாத்திரையும்: கர்ப்ப காலத்தில் நாங்கள் சந்தித்தவர்கள்

தஞ்சாவூர்க்காரி:

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதனால் மறுபடி நாள் தள்ளிப்போனபோது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்தார், அவ்வளவுதான். எனக்கோ, பாத்ரூம் போகும்போதெல்லாம் துணியில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிற பயம். பட்டவர்களுக்குத்தான் அது புரியும். ஆரம்ப மாதங்களில் கலைவதற்குப் பெரும்பாலும் கருவிலேயே உள்ள கோளாறுதான் காரணம், நீ ஏதும் செய்ததால் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அப்படியும் இரவில் தூக்கம் வராது.

ஐந்தாம் மாத ஸ்கேன் நன்றாக வந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போனோம். பாபநாசத்திலிருந்து பக்கம்தான். பிரகாரத்தை ஒன்பது சுற்று சுற்றவைக்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. இரண்டாவது சுற்றிலேயே எனக்குக் கால் கனத்து மூச்சு வாங்கியது. தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமமாம். மாசமாக இருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"உக்காரு தாயி. சுத்தலேன்னா அம்பாள் கோவிச்சுக்குவாளா? களைச்சுப் போனவளுக்காகத்தானே அவ இங்க வந்தா!"

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை வாயும் வயிறுமாக இருக்கிறாள். கணவர் வெளியே போயிருந்த நேரம், அசதியில் கிடக்கிறாள். பிச்சைக்கு வந்த ஊர்த்துவபாத முனிவரை எழுந்து வந்து உபசரிக்க முடியவில்லை. அவர் கோபத்தில் சாபம் கொடுக்க, கரு கலைகிறது. கர்ப்பரட்சாம்பிகை அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காப்பாற்றிக் குழந்தையாகக் கொடுக்கிறாள். எழுந்து நிற்கவும் தெம்பில்லாத பெண் பக்கம்தான் அம்பாள் நின்றாள் என்பது அந்த அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமியாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மீதிச் சுற்றை அவரே சுற்றிவிட்டு வந்தார்.

அங்கே சுகப்பிரசவத்துக்குப் பிரசாதமாக விளக்கெண்ணெய் தருவார்கள். அதை வயிற்றின் மேல் லேசாகத் தடவுவதோடு சரி. உள்ளுக்குக் குடிக்கவே கூடாது, வயிற்றுப்போக்கும் வலியும் கண்டுவிடும் என்று எங்கள் கிராம சுகாதார செவிலியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரவு படுக்கும் முன் நானே தடவிக்கொள்வேன். உள்ளங்கையில் எண்ணெய் சூடாகும்போது உள்ளேயிருந்து ஒரு உதை வரும். அந்தக் கொஞ்ச நேரம் பயம் விலகி நிற்கும். அப்புறம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் வந்துவிடும்.

அதே செவிலியரைப் பற்றி இன்னும் சொல்லத் தோன்றுகிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. எனக்கு 9.6 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, "காபி, டீயோட போடாதீங்க, சத்து உடம்புல ஒட்டாது. கால்சியம் மாத்திரையை வேற வேளைக்கு வைங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க" என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எங்கள் பூஜை மாடத்தைப் பார்த்தார். "தினமும் விளக்கு ஏத்துவீங்கல்ல? மாத்திரையை அங்கேயே வைங்க, மறக்காது" என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றியதும் மாமியார் எலுமிச்சை ஜூஸும் மாத்திரையுமாக வந்து நிற்பார். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, அங்கன்வாடி சத்துமாவு எல்லாம் சாப்பிட்டேன். எட்டாம் மாதம் 11-ஐத் தாண்டியது. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள்.

நாகூர் மகள்:

அக்கா, உங்கள் பெரியம்மா சொன்னதைப் படித்ததும் எங்கள் உம்மா ஞாபகம்தான் வந்தது. எனக்கு ஏழாம் மாதத்தில் ரமலான். அதற்கு முன்பே 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்ததில் சர்க்கரை 140-ஐத் தாண்டியிருந்தது. கர்ப்பகால சர்க்கரை, நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுந்திருக்கும்போது நான் மட்டும் படுத்திருப்பது என்னவோ போல இருந்தது. ஒருநாள் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விட்ட நோன்பை அப்புறமா களா செஞ்சுக்கலாம், மார்க்கத்துல இதுக்கு இடமிருக்கு. மர்யம் அலைஹிஸ்ஸலாமுக்குப் பிரசவ வலி வந்தப்போ அல்லாஹ் பட்டினியா கெடன்னு சொன்னானா? பேரீச்ச மரத்தை உலுக்கு, சாப்பிடு, தண்ணி குடி, மனசு குளிர்ந்து இருன்னுதானே சொன்னான்!" என்றார். அந்த வசனத்தை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். என் வயிற்றோடு சேர்த்து அன்றுதான் கேட்டேன். (பேரீச்சம்பழத்தை மட்டும் டாக்டர் அளவோடு சாப்பிடச் சொன்னார்.)

நோன்பில்லாவிட்டாலும் விடிகாலை சுப்ஹு தொழுதுவிட்டுக் கொஞ்ச நேரம் குர்ஆன் ஓதுவேன். ஆறாம் மாதத்திலிருந்தே குழந்தைக்குச் சத்தம் கேட்குமாம். நான் ஓத ஆரம்பித்ததும் அசையும், நிறுத்தினால் அடங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் வீட்டு முற்றத்திலேயே பதினைந்து நிமிடம் நடப்பேன், கூடவே இறைவனை நினைத்துச் சொல்லும் திக்ரு. நோன்புக்கஞ்சியைச் சின்னக் கிண்ணத்தில், சுண்டல் சேர்த்துச் சாப்பிட்டேன். இன்சுலின் தேவைப்படாமலே சர்க்கரை கட்டுக்குள் நின்றது. எல்லோருக்கும் அப்படி நிற்காது, ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் குழந்தையின் அசைவு குறைந்தபோது, ஓதிய தண்ணீரைக் குடித்துவிட்டு விடியட்டும் என்று இருக்கப் பார்த்தார்கள். அவளுடைய மாமிதான், "தண்ணியை ஆம்புலன்ஸ்லயும் குடிக்கலாம்" என்று 108-ஐக் கூப்பிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விடாத தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே கிளம்பிவிடுங்கள்.

மலைக்கோட்டை:

எனக்கு அம்மா இல்லை. திருச்சியில் தாயுமானவர் சன்னிதிக்குப் போகும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். காவிரியில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமல் போக, ரத்னாவதிக்குப் பிரசவம் பார்க்க ஈசனே தாய் உருவில் வந்த இடம். மாசமாக இருந்தபோது படியேற வேண்டாம் என்று சித்தி தடுத்துவிட்டார். கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். பிரசவ அறையில் துணைக்குச் சித்தியை விட்டார்கள். வலி வரும்போதெல்லாம் இடுப்பை அமுக்கிவிட்டு, "மூச்சை விடு, சாமி பேரைச் சொல்லிக்கிட்டே விடு" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். கத்தியது போக மிச்ச நேரம் அந்தப் பெயரைத்தான் சொன்னேன். மூன்றாம் மாதம் வாழைத்தாரோடு மலையேறி வேண்டுதலை முடித்தோம். குழந்தையைச் சித்திதான் தூக்கி வந்தார்.

தஞ்சாவூர்க்காரி:

படித்ததும் கண் கலங்கிவிட்டது அம்மா. துணைக்கு ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? என் நாத்தனாருக்கு அடுத்த மாதம் பிரசவம், அதற்காகக் கேட்கிறேன்.

மலைக்கோட்டை:

அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே அங்குள்ள செவிலியரிடம் கேட்டுவையுங்கள். பிரசவம் கண்டு பதறாத பெண்ணாகப் பார்த்து அனுப்புங்கள். தண்ணீரும் ஒரு பழைய பருத்திப் புடவையும் கையில் இருக்கட்டும்.