24 செகண்ட் இருக்குடா கவின்

[இரவு 7:48] மலர்: பிரவின் ஆர்மி கேம்ப்ல இருந்து புக் அவுட் பண்ணிட்டியாப்பா? கவின் கைல வச்சு விளையாடுறானே அந்த பாஸ்கெட்பால் கேம், அதுல ஏதோ காயின் வாங்கணுமாம், என் கார்டு நம்பர் கேக்குறான், 25 வெள்ளியாம். எதுக்குடா காயின்னு கேட்டா ஒழுங்கா பதில் வரல. வாங்கிக் குடுக்கலாமா வேணாமா நீ பாத்து சொல்லு

[இரவு 7:49] கவின்: அம்மா இத ஏன் குரூப்ல போடுறீங்க

[இரவு 7:50] கவின்: காயின் இருந்தா என் பிளேயரோட ரேட்டிங் ஏத்தலாம். இப்ப 67 தான். ஷாட் எல்லாம் மிஸ் ஆகுது. கிளாஸ்ல எல்லாரும் 85க்கு மேல போய்ட்டாங்க

[இரவு 7:54] சுமதி: பிரவின் இப்பதான் வந்தான் மலர், குளிச்சிட்டு இருக்கான். வந்ததும் சொல்றேன். 25 வெள்ளியா?? தேக்கா மார்க்கெட்ல ஒரு வாரத்துக்கு காய்கறியே வாங்கிரலாமே

[இரவு 7:57] பாட்டி: புள்ளைய திட்டாதீங்க. லீவுல எங்கதான் போவான். லைட்ட போட்டு விளையாட சொல்லு மலரு இருட்டுல பாக்க வேணாம்

[இரவு 7:59] மலர்: திட்டலம்மா. டிசம்பர் முழுக்க மழை, கீழ கோர்ட்டு எந்நேரமும் ஈரம், போன வாரம் பக்கத்து பிளாக் பையன் வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டான். அதான் வீட்லயே விளையாடட்டும்னு விட்டேன். விளையாடறத பத்தி ஒண்ணும் இல்ல, காசு கேக்குதே அதான் இடிக்குது

[இரவு 8:06] குமார்: குடுக்காத மலர். நான் சொல்றத கேளு. என்பிஏன்னா அமெரிக்கா பாஸ்கெட்பால் லீக், அத வச்சு 1993ல என்பிஏ ஜாம்னு ஒரு கேம் வந்துச்சு, ரெண்டு பேருக்கு ரெண்டு பேரு, தொடர்ந்து மூணு ஷாட் போட்டா பந்துல தீப்பிடிக்கும், ஆர்கேட் மெஷின்ல காசு போட்டா ஒரு குவாட்டர், அதாவது கால்வாசி மேட்ச் ஆடலாம், அடுத்த குவாட்டருக்கு மறுபடி காசு. தோத்துட்டு இருக்கறவனுக்கு அந்த கேமே உள்ளுக்குள்ள உதவி பண்ணும், ஸ்கோர் நெருங்கி வரும், நெருங்கி வந்தா யாரு எந்திரிச்சு போவா? இன்னும் ஒரு காசு போடத்தான் கை போகும்

[இரவு 8:08] குமார்: இன்னொண்ணு. அத உருவாக்கின மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் டீமோட ரசிகரு. சிகாகோ புல்ஸ் டீம பிடிக்காது. அதனால பிஸ்டன்ஸ் கூட ஆடும்போது கடைசி செகண்ட்ல புல்ஸ் போடுற ஷாட் உள்ள போகாத மாதிரி கோட் எழுதி வச்சிருக்காரு, பின்னால அவரே பேட்டில சொன்னாரு. கேம் செய்யறவங்க மனசுல என்ன இருக்கோ அது கேமுக்குள்ள இருக்கும். காயின் விக்கறது ஒருத்தரோட நோக்கம்னா உன்ன 67லயே நிறுத்தி வைக்கறதுதான் அவங்களுக்கு லாபம் கவின், உன் கை சரியில்லன்னு நினைக்காத

[இரவு 8:09] கவின்: மாமா நீங்க கேம் ஆடுவீங்களா??

[இரவு 8:11] குமார்: கைல வச்சு ஆடுற கேம் கியர் மெஷின் வச்சிருந்தேன்டா. ஜாம் அதுலயும் வந்துச்சு 1994ல. ஆறு பேட்டரி போடணும், நாலு மணி நேரம் ஓடினா பெரிசு, உங்க பாட்டி வாங்கி வைக்கிற டார்ச் லைட் பேட்டரி பூரா நான்தான் காலி பண்ணுவேன்

[இரவு 8:12] பாட்டி: ஆமா ப்ளாக்அவுட் ஆனா டார்ச் எரியாது

[இரவு 8:20] பிரவின்: சித்தி வந்துட்டேன். மாமா சொல்றது கரெக்ட், வாங்காதீங்க. அந்த கேம்ல காயின் வேணும்கறது ஒரே ஒரு மோடுக்குத்தான், சொந்தமா பிளேயர் செஞ்சு ஏத்துற மோடு. வெளிய வந்தா நிஜ டீம் எல்லாம் இருக்கு, சீசன் முழுசா ஆடலாம், பழைய டீம் கூட இருக்கு, ஒரு காசு வேணாம், நெட்டும் வேணாம், எம்ஆர்டி ரயில்ல உக்காந்துட்டே ஆடலாம்

[இரவு 8:21] பிரவின்: கவின் நீ ஆடுற வீடியோ ஒண்ணு ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. ஏன் மிஸ் ஆகுதுன்னு பாப்போம்

[இரவு 8:27] கவின்: வீடியோ

[இரவு 8:36] பிரவின்: பாத்தேன், மூணு தடவ பாத்தேன். சொல்றேன் பொறுமையா படி. பந்த எடுத்துட்டு நடுக்கோட்ட தாண்டுற, தாண்டினதும் நின்னு மூணு பாயிண்ட் ஷாட். உன் முகத்துக்கு நேரா ஒருத்தன் கைய தூக்கிட்டு நிக்கிறான். அப்ப ஷாட் கிளாக் பாரு, ஷாட் போட குடுக்கற 24 செகண்ட எண்ணுற கடிகாரம், 18ன்னு காட்டுது, அதாவது இன்னும் 18 செகண்ட் கைல இருக்கு. இப்ப ஸ்கிரீன் வலது பக்கம் கீழ் மூலைய பாரு, உன் ஆளு ஒருத்தன் எறும்பு மாதிரி தனியா நிக்கிறான், பக்கத்துல ஒருத்தனும் இல்ல. அவன நீ பாக்கவே இல்ல. அடுத்த தடவயும் இதே, அதுக்கடுத்ததும் இதே

[இரவு 8:37] கவின்: அவன் தெரியவே இல்லண்ணே ஸ்கிரீன் சின்னது

[இரவு 8:41] பிரவின்: அதான் கைல வச்சு ஆடுறதுல இருக்கற கஷ்டம், டிவில ஆடுறவனுக்கு அது தெரியாது. செட்டிங்க்ஸ் போய் கேமராவ மாத்து, பக்கத்துல இருந்து காட்டுறத விட்டுட்டு பின்னால இருந்து காட்டுறத போடு, கொஞ்சம் தள்ளி வை. அப்ப ரெண்டு மூலையும் கண்ல படும். அப்புறம் ஆர் பட்டன ஒரு தட்டு தட்டு, எல்லார் தலைக்கு மேலயும் ஒரு பட்டன் காட்டும், யாருக்கு வேணுமோ அந்த பட்டன், பந்து நேரா அவன்கிட்ட போகும். குச்சிய திருப்பி திசை காட்டி பாஸ் பண்ணாத, அந்த குட்டி குச்சில திசை தப்பும். ப்ளூடூத் இயர்போன் போட்டிருந்தா கழட்டிரு, சத்தம் கொஞ்சம் லேட்டா வரும், சத்தத்த வச்சு கைய விட்டா டைமிங் போச்சு

[இரவு 8:44] பிரவின்: ரேட்டிங்க பத்தி ஒண்ணு சொல்றேன். உலகத்துலயே பெஸ்ட் ஷூட்டர்னு சொல்ற ஸ்டெஃப் கரி, 100 த்ரீ, அதான் மூணு பாயிண்ட் ஷாட், போட்டா 42 தான் உள்ள போகுது. மொத்த லீக்கோட சராசரி 36 கிட்ட. அதுவும் முக்காவாசி ஆள் இல்லாத இடத்துல நின்னு போடுறது. நீ கைய நீட்டிட்டு நிக்கிறவன் முன்னாடி போட்டா 67 என்ன 97 இருந்தாலும் போகாதுடா

[இரவு 8:45] மலர்: 100க்கு 42 தானா? அதுக்கா இவ்வளவு பேரு அவருக்கு?

[இரவு 8:47] பிரவின்: கணக்கு போட்டு பாருங்க சித்தி. 42 த்ரீ உள்ள போனா 126 பாயிண்ட். பக்கத்துல நின்னு ரெண்டு பாயிண்ட் ஷாட் 100 போட்டு அதே 126 எடுக்கணும்னா 63 உள்ள போகணும். அதான் விஷயம்

[இரவு 8:52] குமார்: 24 செகண்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு கவினுக்கு தெரியுமா? முன்னாடி டைம் லிமிட்டே கிடையாது. முன்னால இருக்கற டீம் பந்த வச்சுக்கிட்டு சுத்திட்டே இருப்பாங்க, எதிர் டீம் பாத்துட்டு நிக்கும். 1950ல பிஸ்டன்ஸ் லேக்கர்ஸ் மேட்ச் முடிஞ்ச ஸ்கோரு 19க்கு 18. முழு மேட்ச்சோட ஸ்கோர் அது! ஜனங்க டிக்கெட் வாங்கி என்ன பண்ணுவாங்க. அப்பதான் சிரக்கியூஸ் டீம் ஓனர் டேனி பயசோன் கணக்கு போட்டாரு, நல்லா போற மேட்ச்ல ரெண்டு டீமும் சேந்து 120 ஷாட் போடுறாங்க, 48 நிமிஷம்னா 2880 செகண்ட், 120ஆல வகுத்தா 24. 1954ல ரூல் ஆச்சு

[இரவு 8:55] குமார்: அந்த 24ங்கறது ஒரு நல்ல ஷாட் தேடுறதுக்கு குடுத்த நேரம்டா. நான் ஸ்கூல் டீம்ல ஆடுன காலத்துல உலக பாஸ்கெட்பால் சங்கமான ஃபீபாவோட ரூல் 30 செகண்ட், 2000லதான் அவங்களும் 24க்கு வந்தாங்க. எங்க கோச் பந்து நாலு கை மாறாம ஷாட் போட்டா வெளிய உக்கார வச்சிருவாரு, எவ்வளவு நல்லா போடுறவனா இருந்தாலும் சரி. எனக்கு அந்த பழக்கம் இன்னிக்கும் உண்டு, டிவில மேட்ச் பாத்தா பந்து எத்தன கை மாறுதுன்னுதான் கண்ணு போகும்

[இரவு 8:56] கவின்: நாலு பாஸ் பண்ணா பந்த பறிச்சிருவாங்க மாமா

[இரவு 8:58] குமார்: சும்மா பாஸ் பண்ணா பறிப்பான். ஸ்கிரீன் வச்சு பண்ணு, ஸ்கிரீன்னா உன்ன தடுக்கறவன உன் ஆளு ஒருத்தன் குறுக்க நின்னு மறிக்கறது. பிரவின் சொல்லிக்குடு

[இரவு 9:05] பிரவின்: எல் பட்டன அமுக்கி பிடி. உன் டீம்ல பெரிய ஆளு ஒருத்தன் ஓடி வந்து உன்ன கார்ட் பண்றவன் வழிய மறிச்சு தூண் கணக்கா நிப்பான். அவன் வந்து நிக்கற வரைக்கும் நீ நகராத, இதுதான் எல்லாரும் அவசரப்படுற இடம். நின்னதும் அவன் தோள உரசுற மாதிரி போ, உன்ன கார்ட் பண்றவன் அவன்மேல முட்டி நிப்பான். இப்ப எதிர் டீம்ல பெரிய ஆளு உன்ன தடுக்க வருவான், வந்தா உன் பெரிய ஆளு ரிங்குக்கு ஓடுவான், அவனுக்கு பாஸ். வரலன்னா நீயே போய் போடு. மூலைல இருக்கறவன விட்டுட்டு மூணாவது ஆளு ஓடி வந்தா மூலைக்கு பாஸ், அவன் த்ரீ. பிக் அண்ட் ரோல்னு சொல்றது இத்தான். டீம் லிஸ்ட்ல 2014 சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் எடுத்துக்கோ, டோனி பார்க்கர் பந்த கொண்டு வரட்டும், டிம் டங்கன ஸ்கிரீனுக்கு கூப்பிடு

[இரவு 9:07] குமார்: ஆஹா 2014 ஸ்பர்ஸ்! ஃபைனல்ல மயாமி ஹீட் டீம 4 மேட்ச்சுக்கு 1ன்னு முடிச்சாங்க. ஹீட்டோட ஸ்டார் லெப்ரான் எதிர்ல நின்னும் ஒண்ணும் பண்ண முடியல. பந்து ஒருத்தன் கைல ஒரு செகண்ட் கூட நிக்காது, ஜினோபிலி, டியாவ், லியனார்டுன்னு போய்ட்டே இருக்கும். அந்த மேட்ச்ச யூடியூப்ல இன்னிக்கும் போட்டு பாப்பேன், பாக்க பாக்க மனசு நிறையும்

[இரவு 9:08] சுமதி: குமாரு சாப்பிட்டியா இல்ல இதுலயே இருக்கியா

[இரவு 9:09] குமார்: சாப்பிட்டேன்க்கா

[இரவு 9:51] கவின்: அண்ணே தோத்துட்டேன். ஆனா 6 பாயிண்ட்லதான். நேத்து 31ல தோத்தேன்

[இரவு 9:52] கவின்: டங்கன் ஸ்கிரீனுக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் ஓடிட்டேன் முதல் ரெண்டு குவாட்டர். அப்புறம் நின்னேன். நின்னா நிஜமாவே வழி தெறக்குது. மூலைல டேனி கிரீன் தனியா நின்னான், கொடுத்தேன், உள்ள போச்சு, திரும்ப அதே பிளே, திரும்ப உள்ள போச்சு. மாமா நாலு கை மாறி ஒரு ஷாட் போட்டேன் அது வீடியோ எடுக்கல

[இரவு 9:54] குமார்: வீடியோ வேணாம்டா நீ சொன்னதே போதும். எனக்கே இங்க உக்காந்து கைதட்டணும் போல இருக்கு

[இரவு 9:55] பிரவின்: செம. டிஃபென்ஸ்ல நீ பந்து வச்சிருக்கறவன துரத்திட்டு இருப்ப, அதான் அந்த 6 பாயிண்ட். பெரிய ஆள நீ எடுத்துக்கிட்டு ரிங்கு கிட்டயே நில்லு, மத்தத கம்ப்யூட்டர் பாத்துக்கும்

[இரவு 9:57] மலர்: அப்ப காயின் வேணாம்தானே?

[இரவு 9:57] கவின்: வேணாம்மா. ஸ்பர்ஸ் வச்சே ஆடுறேன்

[இரவு 9:58] கவின்: அம்மா இப்ப கீழ போய் ட்ரை பண்ணட்டா மழை விட்ருச்சு

[இரவு 9:59] மலர்: மணி பத்து. இந்நேரத்துல பால் தட்டுனா மேல தூங்குறவங்க என்ன ஆவாங்க. காலைல போ

[இரவு 10:02] குமார்: காலைல 9 மணிக்கு நான் ஈசூன்ல உங்க வீட்டுக்கு வரேன். கேம்ல பட்டன அமுக்கினா ஸ்கிரீன் போட ஆள் வந்துரும், கோர்ட்டுல நீயே நிக்கணும், கால ரெண்டையும் அகட்டி ஊனி நிக்கணும், கொஞ்சம் நகந்தாலும் ஃபவுல். அத நேர்லதான் காட்ட முடியும். பிரவின் வரியா?

[இரவு 10:03] பிரவின்: வரேன் மாமா. ஆனா ரெண்டுக்கு ரெண்டு ஆடணும்னா நாலு பேரு வேணும். மூணு பேருதான் இருக்கோம்

[இரவு 10:06] மலர்: நான் வரேன். ஸ்கூல்ல நெட்பால் ஆடினவ நான், மறந்துட்டீங்களா எல்லாரும். பந்த பிடிச்சா ஓடவே கூடாது, 3 செகண்டுக்குள்ள கைய விட்டு போகணும். பாஸ் எல்லாம் எனக்கு சொல்லித் தர வேணாம்

[இரவு 10:07] கவின்: அம்மா நிஜமாவா!! நான் உங்க டீம்

[இரவு 10:08] கவின்: நீங்க எனக்கு ஸ்கிரீன் போடுவீங்களா

[இரவு 10:11] மலர்: நெட்பால்ல பந்து வச்சிருக்கறவங்ககிட்ட இருந்து 3 அடி தள்ளி நிக்கணும், யாரு மேலயும் இடிக்கக் கூடாது. முட்டி நிக்கறதெல்லாம் எனக்கு புதுசு. அண்ணன் காலைல காட்டட்டும், நான் போடுறேன்