‘ஏன் எங்கள் பல்கலைக்கழகம்?’ கட்டுரையில் சிக்கி நிற்கிறேன், உதவி தேவை

கேள்வி (கிளிநொச்சி மாணவி)
வணக்கம். உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். கொமன் அப்பில் (பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கிற இணையத்தளம்) எல்லா இடத்துக்கும் பொதுவாகப் போகிற 650 சொல் கட்டுரை ஒருமாதிரி முடிந்துவிட்டது. ஒவ்வொரு இடமும் தனியாகக் கேட்கிற சின்னக் கட்டுரைகள்தான் சரிவருவதாயில்லை. ஏன் விண்ணப்பிக்கிறாய் என்று யேல் பல்கலைக்கழகம் கேட்கிறது, 125 சொல்தான் இடம். “உலகத்தரமான பேராசிரியர்கள், சிறந்த ஆய்வுகூடங்கள்” என்று எழுதினேன், வாசித்தால் அவர்களுடைய விளம்பரத்தை அவர்களுக்கே திருப்பி அனுப்பியதுபோல் இருக்கிறது. வேறு சில இடங்களில் நீ வளர்ந்த சமூகத்தைப் பற்றி எழுது என்கிறார்கள். வன்னிப் பிள்ளைதானே, போரை எழுது, இடம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 2009இல் எனக்கு இரண்டு வயது, அம்மா சொன்னதுதான் தெரியும். அதை என் கதையாக எழுத மனம் வரவில்லை.

பதில் (வவுனியா, இப்போது அமெரிக்காவில் படிக்கிறேன்)
தங்கச்சி, எழுதியதில் யேல் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டுப் பார். அப்போதும் பொருந்தினால் அந்த வசனத்தை வெட்டு. பிறகு அவர்களின் பாடப் பட்டியலைத் திறந்து, நீ உண்மையாகவே போய் இருக்க விரும்புகிற ஒரு பாடத்தைப் பிடி, அதில் உனக்கு என்ன தெரியவேண்டும் என்று எழுது. பேராசிரியர் பெயரைச் சும்மா அழகுக்குப் போடாதே, அவர் வேறிடம் மாறிப் போயிருக்கவும் கூடும்.

பதில் (முல்லைத்தீவு, ஆசிரியர்)
பிள்ளை, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இந்தச் சமூகக் கேள்வி பல இடங்களில் புதிதாக வந்தது. நீ எங்கே, எப்படி வளர்ந்தாய் என்பதை உன் வாயால் அறியத்தான் கேட்கிறார்கள், இரக்கப்பட அல்ல. பங்கரும் இடப்பெயர்வும் நினைவில் உள்ள பிள்ளை அதை எழுதட்டும், அது அந்தப் பிள்ளையின் கதை. நீ உன் கண்ணால் பார்த்ததை எழுது. வீட்டில் என்ன வேலை செய்கிறாய்?

கேள்வி கேட்டவர்
நன்றி சேர். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறோம், எங்கள் துண்டு வாய்க்காலின் கடைசியில். சிறுபோகத்தில் முறைவைத்துத் திறக்கிற தண்ணி எங்களுக்கு வந்து சேர இரவாகிவிடும், அப்பாவோடு டோர்ச் பிடித்துக்கொண்டு போவேன். துருசு (மதகு) எத்தனை மணிக்குத் திறந்தது, எங்கள் வரம்புக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வந்தது என்று கொப்பியில் குறித்து வைத்தேன். அதை அப்பா கமக்கார அமைப்புக் கூட்டத்தில் காட்டிய பிறகு மேல்வாய்க்காலில் புல்லுச் செருக்க ஆள் விட்டார்கள். இதெல்லாம் கட்டுரைக்கு ஆகுமா?

பதில் (வவுனியா)
இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை! சமூகக் கட்டுரை இதுதான். கொப்பியில் இருந்த ஒரு இரவின் இரண்டு நேரங்களை அப்படியே போடு, மேல்வாய்க்கால்காரர் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்பதையும் போடு, அவர்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்காதே. ‘ஏன்’ கட்டுரையும் இதிலிருந்தே வரும்: கடைசி வயலுக்குத் தண்ணி ஏன் குறைகிறது என்பதைக் கணக்காகப் படிக்கவேண்டும் என்கிறவள், நீரியல் பாடத்தைத் தேடிப் போவதில் ஆச்சரியம் இல்லையே. எந்தப் பாடம் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அனுப்பும்போது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இன்னொன்றுக்கான கட்டுரையில் கிடக்கிறதா என்று பார்.

பதில் (முல்லைத்தீவு, ஆசிரியர்)
பெரும்பாலான இடங்களுக்குக் கடைசி நாள் ஜனவரி தொடக்கத்தில். மார்கழி மழையில் கரண்டும் நெட்டும் போகும், அதனால் நத்தாருக்கு முன்னமே அனுப்பிவிடு பிள்ளை. “வன்னி ஒரு அழகிய விவசாய பூமி” என்று மட்டும் தொடங்காதே, நேரே வாய்க்காலுக்குப் போ. வரைவை இங்கேயே போடு, பார்க்கிறோம்.