மட்டக்குதிரையின் முன்னங்குளம்புகள் சுடுகின்றன, நடக்க மறுக்கிறது

கேள்வி:
கொடைக்கானலில் சுற்றுலாச் சவாரிக்காக ஒரு பெண் மட்டக்குதிரையை வளர்க்கிறேன். வயது 11, எடை சுமார் 200 கிலோ. மழையால் மூன்று வாரங்களாகச் சவாரி இல்லாதபோதும் கோதுமைத் தவிட்டையும் கொள்ளையும் குறைக்காமல் கொடுத்துவந்தேன். போதாக்குறைக்கு, நேற்று முன்தினம் அது கட்டை அவிழ்த்துக்கொண்டு அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டது. நேற்றுக் காலை முதல் முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் தாங்கி நிற்கிறது. சுளுக்கு என்று எண்ணி அரை மணி நேரம் நடத்தினேன். இன்று நிலைமை இன்னும் மோசம். தீனியை அடியோடு நிறுத்தும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். லாடத்தையும் கழற்றிவிடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்):
ஐயா, தாங்கள் சொல்லும் நிற்கும் விதமே இது லேமினைட்டிஸ் என்று காட்டுகிறது. குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு அடுக்குகள் வீங்கித் தளர்கின்றன. அந்த நிலையில் நடத்தினால் பிணைப்பு கிழிந்து, எலும்பு கீழ்நோக்கித் திரும்பிவிடக்கூடும். ஆகவே ஓர் அடிகூட நடத்த வேண்டாம். மரத்தூளை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி நிறுத்துங்கள், படுத்தால் எழுப்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை பனிக்கட்டி நீரில் கால்கள் இடைவிடாமல் இருப்பது நல்லது. மீன் கடையில் பனிக்கட்டி கிடைக்கும்.

பட்டினி போடுவது பேராபத்து. உணவில்லாத மட்டக்குதிரையின் இரத்தத்தில் கொழுப்பு பெருகி, ஈரல் கெட்டு, உயிருக்கே உலையாகலாம். தவிடு, கொள்ளு, வெல்லம், கேரட் ஆகியவற்றை மட்டும் நிறுத்திவிட்டு, உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது நாளுக்கு 3 கிலோ உலர்புல்லை, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரை ஓரளவு கரைந்துபோகும். மருத்துவரை இன்றே அழையுங்கள். வலி மருந்தை அவரே தரட்டும். மருந்துக் கடை டைக்ளோஃபெனாக் வேண்டாம். அது செலுத்தப்பட்ட மாடுகளின் சடலங்களைத் தின்று பாறுக் கழுகுகள் அழிந்த காரணத்தால் 2006-லேயே கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டுவிட்டது.

பதில் (லாடம் கட்டுபவர்):
எக்ஸ்ரே பார்க்காமல் லாடத்தில் கை வைக்காதீர்கள். கழற்றச் சொன்னால், சுத்தியலால் தட்டிப் பெயர்க்காமல், ஆணிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் உருவ வேண்டும். தட்டும் அதிர்வை அந்தக் குளம்பு தாங்காது. பிறகு குளம்பின் முன்நுனியைக் குறைத்து, பின்பாதிக்கு மெத்தென்ற தாங்கல் கொடுக்கலாம். புதுக் குளம்பு முழுவதும் வளர்ந்திறங்க 9 முதல் 12 மாதங்கள் ஆகும்.

கேட்டவர் (12 நாட்களுக்குப் பின்):
எலும்பு திரும்பவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆனால் இரத்தத்தில் இன்சுலின் அதிகம். பிடரியில் கொழுப்பு திரண்டிருந்ததைச் செழிப்பு என்றே நான் எண்ணியிருந்தேன். இனி மேய விடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்):
இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தாலே இந்தக் குளம்பு நோய் தூண்டப்படும். ஆகவே அது இறங்கும் வரை வேண்டாம். அதன் பிறகும், உறைபனி விழுந்த மார்கழிக் காலைகளில் வெயில் ஏறினால் புல்லில் சர்க்கரை தேங்கிவிடும். அந்நாட்களில் கொட்டகையிலேயே ஊறவைத்த புல் கொடுங்கள்.