புதுப்பிப்பு: சரளமாக வாசித்தும் கதை சொல்லத் தெரியாத மகள்

மூன்றாம் வகுப்பு மகள் திக்காமல் வாசிக்கிறாள், ஆனால் கதை என்னவென்று கேட்டால் விழிக்கிறாள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது நல்ல மாற்றம்.

கதை முடிந்த பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறேன். சிங்கமும் முயலும் கதையில், முயல் தாமதமாகப் போய் நிற்கும் இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்றேன். "சிங்கம் தின்னுடும்" என்றாள். கிணறு வந்ததும் துள்ளினாள்: "அம்மா, முயல் வேணும்னுதான் லேட்டா போயிருக்கு!" எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யார், எங்கே என்பதெல்லாம் அவளுக்குச் சுலபம். சிக்கல் எது, அது எப்படித் தீர்ந்தது என்பதில்தான் தடுமாற்றம். அதற்காக நாலு கட்டம் போட்டு வரையச் சொன்னேன். கடைசிக் கட்டம் முழுக்கக் கிணறு, உள்ளே கோபமான சிங்க முகம். நேற்று அதை வைத்தே பாட்டிக்கு முழுக் கதையும் சொன்னாள்.